மருந்தக்காவின் ரவைப் பை

ஒரு பொருளை நிறுக்கும் விஷயத்தில் மருந்தக்காவை மிஞ்ச இந்த ரொறன்ரோவில் ஆளில்லை. கடைசித் தீர்ப்பு நாளில் வானத்துச் சம்மனசு தராசைத் தூக்கும்போதுகூட, வரிசையில் நிற்கிற இவர் கையை உயர்த்தி, "முதல்ல அந்த ஃபானை நிப்பாட்டுங்கோ, முள்ளு ஆடுது" என்று சொல்லுவார். சம்மனசும் மறுபேச்சில்லாமல் நிப்பாட்டும்.

அஜின்கோர்ட்டில் எங்களுடையது ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்குபோடும் செமி வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். அந்தப் பக்கம் மருந்தக்காவும் அவருடைய கணவர் சவரி அண்ணையும். அக்காவுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டுதான். கோயில் சுவாமியாரே அதை மறந்துவிட்ட பிறகு நான் மட்டும் ஏன் நினைவு வைத்திருக்க வேண்டும்?

பெயரைக் கேட்டு அவரை வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். தபால் பிரிக்கும் இடத்தில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பெண்கள் ஓய்வு பெற்றால் செபமாலைக் கூட்டம், யோகா, பேரப்பிள்ளை என்று இறங்குவார்கள். இவரையோ, கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி "சும்மா ஒருநாள் வந்து பார்" என்று எங்கோ கூட்டிப் போனார். போய் வந்த அக்கா என்னிடம் சொன்னார்: "தம்பி, நான் துவக்கு வாங்கப் போறன்."

விஷயம் இதுதான், துப்பாக்கி சுடும் போட்டி. தொள்ளாயிரம் மீற்றருக்கு அப்பால் ஒரு பலகை நிற்கும். அதன் நடுவில் ஒரு தோசை அளவு வட்டம். இங்கிருந்து குப்புறப் படுத்துக்கொண்டு அந்தத் தோசையில் ஓட்டை போட வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் படுத்திருந்து, பெரிய தெருவிலுள்ள கொத்துரொட்டிக் கடையின் கல்லில் வேகும் ரொட்டியைச் சுடுவது போன்ற காரியம்.

துவக்கு லைசென்ஸ் எடுக்க, ஆளைத் தெரிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். அக்கா என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஒருநாள் அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி எனக்கு ஃபோன் எடுத்து, "இவர் இலகுவில் கோபப்படுகிறவரா?" என்று கேட்டார். சரியாக அதே நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, அரிசியைக் கப்பால அளக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நிறுத்துப் போடுங்கோ, நிறுத்து!"

நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு மற்ற அறைக்கு ஓடினேன். "மிகவும் நிதானமானவர், ஐயா. எதையும் நிறுத்துத்தான் பேசுவார்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. லைசென்ஸ் வந்தது.

முதலில் கடையில் விற்கிற தோட்டா ரவுண்டுகளைத்தான் வாங்கிச் சுட்டார். ஒரே பெட்டியிலிருந்து வந்தவை ஒன்று மேலே போனது, ஒன்று கீழே போனது, ஒன்று போன இடமே தெரியவில்லை. "எங்கட ஊர்ச் சங்கங்கள் மாதிரி ஒண்டுக்கொண்டு ஒற்றுமை இல்லைத் தம்பி" என்றார். அன்றே தீர்மானித்துவிட்டார், இனித் தன்னுடையதைத் தானே செய்வது என்று. இதுவும் இங்கே சட்டப்படி எல்லோரும் செய்கிற வேலைதான். ஒருமுறை சுட்ட பித்தளைக் கோதைக் கழுவித் துடைத்து, அதன் கழுத்தை நேராக்கி, உள்ளே வெடிமருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே சன்னத்தை, அதுதான் பறந்துபோகிற குண்டை, அழுத்தி இருத்த வேண்டும். ஒன்றில் மருந்து ஒரு தூசி கூடினாலும் அது கொஞ்சம் வேகமாகப் போகும். கிட்டச் சுட்டால் தெரியாது. அவ்வளவு தூரத்தில் தோசையைத் தாண்டிப் போய்விடும்.

அதற்காக அக்கா பேஸ்மென்டில் ஒரு மேசை போட்டார். மேசையில் ஒரு சின்னத் தராசு. அந்தத் தராசு வந்த நாளிலிருந்து சவரி அண்ணையின் சீவியம் மாறிப்போனது. அக்கா மருந்து நிறுக்கும்போது வீட்டில் காற்று அசையக் கூடாது. கோடையில் ஏசி நிற்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் நிற்கும், அதன் காற்று முள்ளை ஆட்டுமாம். நான் ஒருநாள் உப்புக் கடன் கேட்கப் போனபோது சவரி அண்ணை ஹோலில் ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு ரீவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தையும் நிறுத்தித்தான் வைத்திருந்தார்.

"எங்கயோ வெளிக்கிடுறியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, வீட்டில நிக்கிறன்" என்றவர், முகம் சுருங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு வெளியே ஓடினார். பனிக்குள் நின்று தும்மிவிட்டுத் திரும்பி வந்து கதவை மெதுவாகச் சாத்தினார்.

மருந்தக்கா என்ற பெயர் வந்ததற்குக் காரணமும் சவரி அண்ணைதான். ஞாயிறு பூசை முடிந்து யாரோ "மனுசி எங்க?" என்று கேட்க, "வீட்டில மருந்து நிறுக்கிறா" என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளே கோயிலடித் திரேசம்மா அன்ரி ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். எண்பதைத் தொட்டவர். அக்காவைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

"பிள்ளை, நீ மருந்து நிறுக்கிறியாம். முழங்கால் நோவுக்கும் இருக்கோ?"

"அன்ரி, அது குடிக்கிற மருந்தில்லை."

"அப்ப பூசுறதோ?"

"பூசுறதுமில்லை அன்ரி. அது வெடிக்கிறது."

திரேசம்மா அன்ரி கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாய்வுக்கு நல்லதாயிருக்கும்" என்றார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் மருந்தக்கா என்ற பெயர் டோர்செட் பார்க் மாடிவீடுகள் வரைக்கும் போய்விட்டது. வாய்வுக்கு மருந்து கேட்டு அங்கிருந்தும் இரண்டொருவர் வந்தார்கள்.

இன்னொரு சொல்லும் இந்தக் கதைக்கு முக்கியம். ஒருநாள் தமிழ்க் கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டு அக்கா ஃபோனில் சவரி அண்ணையிடம், "சன்னம் வந்திட்டுதோ? எத்தினை சன்னம்?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான மனிதர், எடுத்ததெல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வெளியே போய்விட்டார். ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களுக்குச் சன்னத்தை உடம்பாலே தெரியும்.

"அந்த மனுசன்ர முகத்தைப் பாத்தன் தம்பி" என்றார் அக்கா. "இனி அந்தச் சொல்லை நான் வெளியில சொல்லமாட்டன்."

அன்றிலிருந்து 'ரவை' என்றாயிற்று. பேப்பர்காரரும் துப்பாக்கி ரவை என்றுதானே எழுதுகிறார்கள். அக்கா பஸ்ஸில் நின்று, "ரவை முடிஞ்சுது, நாளைக்குப் புது ரவை செய்யோணும்" என்று உரக்கச் சொன்னாலும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உப்புமாவுக்கு யார் பயப்படுவார்கள்?

உண்மையான ரவையிலும் அவர் கைகாரிதான். நத்தார்ப் பண்டிகைக்கு ரவை லட்டுச் செய்வார். ஒவ்வொரு லட்டையும் சமையல் தராசில் வைத்து நிறுப்பார். நிறை சரியானவை மகள் வீட்டுக்கும் கோயிலுக்கும் போகும். கூடியதும் குறைந்ததும் கோணலானதும் ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு எங்கள் வீட்டுக்கு வரும். "தம்பி, கழிச்சதுகள். ருசி ஒண்டுதான்" என்று நீட்டுவார். என் மனைவிக்கு இது பெரிய மனக்குறை. "வருசா வருசம் எங்களுக்குக் கழிச்சதுதான்" என்று புறுபுறுத்துக்கொண்டே முதல் லட்டை எடுப்பவரும் அவர்தான்.

துவக்கு ரவையையும் இப்படித்தான் கழிப்பார். நிறுத்ததை மறுபடி நிறுத்து, ஒரு மயிரளவு கூடக் குறைய இருந்தால் கழித்தவற்றின் பெட்டிக்குள் போட்டுவிடுவார். குளிர்காலம் முழுவதும் உழைத்து ஒரு போட்டிக்குக் காணுமளவு நல்ல ரவை சேர்ப்பார்.

இவ்வளவு செய்தும் போட்டியில் ஒரு இடமும் கிடைக்கவில்லை. பலகையைப் பார்த்தால் அவருடைய ஓட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில், இடமும் வலமுமாக, கொடியில் காயப்போட்ட உடுப்புப்போல வரிசையாக இருக்கும். "உயரத்தைப் பாத்தீரோ தம்பி? ஒரு நூல் பிசகேல்லை" என்று பெருமைப்படுவார். தோசை நடுவில் சும்மா கிடக்கும்.

அக்கா சுடப் போகிற கிளப்பில் பெரிய கெட்டிக்காரர், மிக உயரமான ஒரு வெள்ளைக்காரர். அக்கா அவருக்குப் பனை என்று பெயர் வைத்திருந்தார். பனை ஒவ்வொரு முறையும் வந்து பொறுமையாகச் சொல்லுவார்: உன் மருந்தில் பிழையில்லை, நீ காற்றைப் பார்ப்பதில்லை, களத்தில் நட்டிருக்கிற அந்தக் கொடிகள் எதற்காகப் பறக்கின்றன என்று நினைக்கிறாய்?

"காத்தைப் பார் காத்தைப் பார் எண்டுறான் தம்பி" என்று அக்கா வீடு வந்து கொதிப்பார். "காத்தை நிறுக்கேலுமோ? நிறுக்கேலாததை நான் என்னெண்டு நம்புறது?"

இந்த நிலையில்தான் மகள் டிலானி வந்தாள். றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள், பாசமான பிள்ளை. அம்மா அப்பா இந்த வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கீழே அறையும் கட்டி முடித்திருந்தாள். ஒரேயொரு நிபந்தனை.

"அம்மா, ஐ ஆம் சீரியஸ். பிள்ளையள் இருக்கிற வீட்டில கன், பவுடர் ஒண்டும் வரக் கூடாது. நோ வே."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் நின்று இந்தப் பேச்சு நடந்தது. அக்கா வாதாடவில்லை. "சரி. இந்த வருசக் கடைசிப் போட்டியில முதல் மூண்டுக்குள்ள வராட்டில் எல்லாத்தையும் வித்துப்போட்டு வாறன். வந்தால் எங்களை இஞ்சையே விடோணும்."

"ஓகே, டீல்" என்றாள் டிலானி. தாயின் ஓட்டைகள் எப்படி வரிசையாக விழும் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாள்.

அவள் போன பிறகு நான், "பேரப்பிள்ளையளோட போய்ச் சந்தோசமா இருங்கோவன் அக்கா" என்றேன். மரியாதைக்குச் சொன்னது.

"நல்ல பிள்ளை தம்பி. நல்ல அறை. ஆனா அங்க நான் அம்மம்மா மட்டும்தான்." தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஊரில மற்றவன் வெடி வைக்க நான் படுத்தனான். எத்தினை வருசம் அப்பிடிப் படுத்தனாங்கள், உமக்குத் தெரியும்தானே. இஞ்ச வெடி வைக்கிறதுக்கு நானே படுக்கிறன். ஆரும் படு எண்டு சொல்லேல்லை. இதை விட்டிட்டுப் போகச் சொல்லுறீரோ?"

அன்றைக்கே எனக்கும் பயம் பிடித்துவிட்டது, அந்தப் பக்கம் வேறு யாரோ குடிவந்து விடுவார்களோ என்று.

கடைசிப் போட்டி வந்தது. நகரத்துக்கு வெகு கிழக்கே, சோளக்காடுகளுக்கு நடுவே சுடுகளம். போட்டி நாளில் ஸ்டியரிங் பிடித்தால் கை நடுங்கும் என்று அக்கா கார் ஓடமாட்டார். சவரி அண்ணைக்கு ஹைவே என்றால் குலை நடுக்கம். அதனால் எப்போதும் நான்தான் ஓட்டுநர். கார் ஓடப் பழக்குவது என் தொழில். கூரையில் 'பழகுநர்' பலகை உள்ள காரில்தான் நாங்கள் போய் இறங்குவோம். கிளப்காரர்கள் இப்போது பழகிவிட்டார்கள்.

வெயில் பட்டால் மருந்து சூடேறி வேகம் மாறும் என்பதால், அக்கா ரவைகளை ஒரு நீலக் கூலர் பையில் வைத்துத்தான் கொண்டுவருவார். கடைசிப் போட்டியாயிற்றே என்று கிளப்காரருக்கு லட்டும் செய்திருந்தார். அந்த லட்டு இருந்தது அதேபோல இன்னொரு நீலக் கூலர் பையில். மலிவு விலையில் சோடியாக வாங்கியவை. ஒன்று பேஸ்மென்ட் படியில், மற்றது குசினி மேசையில். காலையில் துவக்குப் பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டே அக்கா வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார்: "இஞ்சருங்கோ, ரவைப் பையை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஆட்டாதேங்கோ."

சவரி அண்ணை ஆட்டவேயில்லை. வழி முழுவதும் பையைக் குழந்தைபோல மடியில் வைத்திருந்தார். சுடுகளத்தில் இறங்கி, பாய் விரித்து, துவக்கைப் பொருத்தி, அக்கா பையைத் திறந்தார். உள்ளே ஒரே நிறையில், ஒரே உருண்டையில், வரிசை வரிசையாக லட்டு.

"இது என்ன?"

"ரவை" என்றார் சவரி அண்ணை.

"எந்த ரவை?"

"நீர் எந்த ரவை எண்டு சொல்லேல்லையே."

பயணிகள் பக்கம் இருந்து பிரேக் அமத்துவதே என் பிழைப்பு. அந்த நேரம் என் வலது கால் தானாகவே புல்லை அமத்தியது. திரும்பிப் போய் எடுத்து வர நேரமில்லை. அக்கா ஏச்சைத் தொடங்குவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. லட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனை வந்து பார்த்தார். விஷயம் விளங்கியதும் தன்னுடைய ரவுண்டுகளில் கொஞ்சம் எடுத்துக்கொள் என்று நீட்டினார். அக்கா கையெடுத்து மறுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒருத்தருக்கு எழுதின மருந்தை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது தம்பி. அவன்ர மருந்து அவன்ர துவக்குக்கு."

பிறகு துவக்குப் பெட்டியின் பக்கப் பையைத் திறந்து ஒரு பெட்டியை வெளியே எடுத்தார். முதலில் குழலைச் சூடாக்கச் சுடுவதற்கென்று கொண்டுவந்த ரவை. எல்லாம் கழித்தவை. குளிர்காலம் முழுவதும் இது சரிவராது, இது சரிவராது என்று அவரே ஒதுக்கிப் போட்டவை. எண்ணிப் பார்த்தார். போட்டிக்கு மட்டுமட்டாகக் காணும்.

"உதோடயோ?" என்றேன்.

"வேற என்ன கிடக்கு? வந்தாச்சு, படுக்கிறன்" என்று படுத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் நான் அதைக் கண்டேன். மற்ற நாட்களில் படுத்தவுடன் அக்கா சுடத் தொடங்கிவிடுவார்; கையில் இருக்கிற ரவையில் அவ்வளவு நம்பிக்கை. அன்று ரவையை நம்ப முடியாது. நம்புவதற்கு வேறு ஏதாவது வேண்டுமே. தலையை நிமிர்த்திக் கொடிகளைப் பார்த்தார். கிட்டக் கொடி, நடுக் கொடி, தூரக் கொடி. சோற்றுப் பானைக்கு மேலே ஆவி சாய்கிற மாதிரி நிலத்துக்கு மேலே கானல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். குறிக்கருவியின் குமிழியை 'டிக் டிக்' என்று திருகினார். பார்த்தார். மறுபடி திருகினார். பிறகுதான் வெடி.

பலகை கீழே இறங்கி, ஓட்டை விழுந்த இடத்தில் அடையாளம் குத்தப்பட்டு மேலே வந்தது. தோசையின் ஓரம். அடுத்ததும் தோசைக்குள். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சுட்டு முடித்து எழும்பிவிட்டார்கள். அக்கா கொடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பின்னால் சவரி அண்ணை, தான் செய்த பிழைக்குப் பரிகாரமாகவோ என்னவோ, எழும்பி வந்த ஒவ்வொருவருக்கும் லட்டு நீட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் போட்டிக்காரர்கள் எல்லோரும் வாய் நிறைய ரவையோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

கடைசி ரவை. விரலை வைத்தார். திடீரென்று நடுக்கொடி துவண்டு விழுந்தது. விரலை எடுத்துவிட்டார். நேரம் பார்ப்பவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பனை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சவரி அண்ணை மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்துக்கு ஓடியதை நான் மட்டும் கண்டேன். கொடி மெதுவாக எழும்பியது, பழைய இடத்துக்கு வந்தது, வெடி கேட்டது.

பலகை மேலே வந்தபோது அடையாளம் தோசையின் நட்ட நடுவில் இருந்தது.

மூன்றாம் இடம். பனைக்கு முதலிடம், அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். அக்கா கழுத்தில் பதக்கத்தோடு காரில் ஏறினார். சந்தோசமாக ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஹைவே ஏறும்வரை பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் கடைசியில். "கழிச்ச ரவையே இப்பிடிப் போகுமெண்டால், குளிர் முழுக்க நான் என்னத்தை நிறுத்தனான்?"

பின்னிருக்கையிலிருந்து சவரி அண்ணை பதில் சொன்னார். "ஹீட்டரைப் போட்டிருக்கலாம்."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அடுத்த எக்ஸிட் வரை சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டு, பழகுநர் பலகையோடு கார் லேனுக்குள் ஆடியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். பிறகு அக்கா டிலானிக்கு ஃபோன் எடுத்தார். "மூண்டாவது" என்று மட்டும் சொன்னார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. "சரி அம்மா, டீல் இஸ் டீல்" என்றாள் டிலானி. "ஆனா ஞாயிறுக்கு மெடலைக் கொண்டு வாங்கோ. பிள்ளையளுக்குப் பாக்கோணுமாம்."

அந்த நத்தாருக்கும் ஐஸ்கிறீம் பெட்டி வந்தது.

"கழிச்சதுகளோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. நிறை சரியா வந்ததெல்லாம் பனைக்குக் குடுத்திட்டன். இது உங்களுக்கெண்டு பாத்துப் பாத்துக் கழிச்சது."

என் மனைவி இந்த முறை புறுபுறுக்கவில்லை. இருப்பதிலேயே கோணலான லட்டாகத் தேடி எடுத்துக்கொண்டார்.

இப்போது அக்கா வீட்டுப் பின்வளவில் ஒரு தடி நிற்கிறது. அதன் நுனியில் பழைய சேலைத்துண்டு ஒன்று கட்டியிருக்கிறார், காற்றுப் பார்க்க. நிறுக்கிறதையும் விட்டுவிடவில்லை, இரண்டையும் பார்த்தால் முதலாம் இடம் வருமாம். வெளியே பனி கொட்டுகிற பின்னேரங்களில் சுவருக்கு அப்பால் அவர்களுடைய ஹீட்டர் இரைச்சல் நிற்கும். அக்கா தராசுக்கு முன்னால் இருந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் வீட்டு ஹீட்டரும் அதே சுவரோடுதான் அதிர்கிறது. நான் எழும்பிப் போய் அதையும் நிப்பாட்டிவிட்டு வருவேன். என் மனைவி ஏன் என்று கேட்பதில்லை, என்னுடைய கம்பளித் தொப்பியை எடுத்துத் தருவார்.